சவரக்கத்தி பிடித்த கை: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துத் தொழில் ஒன்றின் வரலாறு

வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கும் புன்செய் நிலம், நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு மூலையாக இருந்து, 1995இல் பெரம்பலூர் மாவட்டமாகி, 2001இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் சேர்ந்து, 2007இல் நிலையாகத் தனி மாவட்டமானது. இவ்வட்டாரத்தின் வரலாறு என்றவுடன் கங்கைகொண்ட சோழபுரமும், ரஞ்சன்குடிக் கோட்டையும், அரியலூர், உடையார்பாளையம் ஜமீன்களும், பிற்காலத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் நினைவுக்கு வருமளவுக்கு, ஊருக்கு ஒன்றிரண்டு வீடுகளாக இருந்து ஊரார் அனைவரின் கழுத்தருகிலும் கூரிய இரும்பைக் கொண்டுசென்ற ஒரு தொழிலாளர் கூட்டம் நினைவுக்கு வருவதில்லை. நாவிதர், அம்பட்டர், மருத்துவர், பண்டிதர், குடிமகன் எனக் காலத்துக்கும் அழைப்பவரின் மரியாதைக்கும் ஏற்பப் பல பெயர்களில் வழங்கப்பட்ட இவர்கள், தம் தொழிலுக்கான பயிற்சி நூல் எதையும் எழுதிவைக்கவில்லை. கத்தியை எப்படிப் பிடிப்பது என்னும் அறிவு தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு நேரே போனதால், அதை எழுத வேண்டிய தேவையும் எழவில்லை. ஆயினும் கல்வெட்டுகளிலும், காலனிய ஆட்சியின் பதிவுகளிலும், சட்டங்களிலும், இன்றும் கடைகளில் காணக் கிடைக்கும் விரல் அமைதியிலும் அந்த அறிவின் தடங்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு காலத்தில் மருத்துவமும் சவரமும் சேர்ந்திருந்த கை எவ்வாறு படிப்படியாகச் சவரத்துக்கு மட்டும் உரிய கையாகச் சுருக்கப்பட்டது என்பது தெரியவருகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ 1014ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரோடு நட்டுவர், பாடுவோர், தையற்காரர், தச்சர், கணியர் முதலியோருக்கும் நெல் பங்கு ஒதுக்கும் இடத்தில், நாவிதத் தொழிலுக்கும் பங்கு ஒதுக்குகிறது. கோயில் நிர்வாகத்தின் கண்ணில் சவரம் என்பது கருவறைக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட தீட்டுத் தொழில் மட்டுமன்று, ஆண்டுக்கூலி குறித்துக் கல்லில் எழுதத்தக்க பணி என்பது இதனால் விளங்கும். இதைவிட முக்கியமான சான்று, கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட வீரராசேந்திரன் காலத்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 1060களின் பிற்பகுதியில் பொறிக்கப்பட்ட அவனுடைய கல்வெட்டு, அக்கோயிலைச் சார்ந்த பள்ளி, விடுதி ஆகியவற்றோடு ஆதுலர்சாலை ஒன்றின் செலவையும் குறிக்கிறது. ஆதுலர்சாலை என்பது நோயாளிகளைத் தங்கவைத்து மருத்துவம் பார்க்கும் இடம். பதினைந்து படுக்கைகள் கொண்ட அச்சாலையில் மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை எனப்படும் அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து ஆக்குவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்டிர் ஆகியோருடன் நாவிதர் ஒருவரும் ஊதியம் பெறும் பணியாளராக இருக்கிறார். அறுவை செய்பவர் வேறு, நாவிதர் வேறு என்று அக்கல்வெட்டு பிரித்தே பேசுகிறது; எனினும் இருவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே கணக்கில் இருக்கின்றனர். இன்றைய அரியலூர் மாவட்டத்து மண்ணில் தலைநகர் கொண்டிருந்த அரசின் ஆவணம் ஒன்று நாவிதரை மருத்துவமனைப் பணியாளராகக் காட்டுவது, பிற்காலத்தில் அக்குலத்தார் தமக்கு மருத்துவர் என்னும் பெயரைக் கோரியதை வெறும் பெருமிதம் என்று ஒதுக்கிவிட முடியாமல் செய்கிறது.

கருவியைப் பொறுத்தவரை, ஊர்க் கொல்லர் உலையில் அடித்துக் கொடுத்த நாட்டுக்கத்தியே இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் புழங்கியது. அகலமான, நீளம் குறைந்த அலகும், மரத்தாலோ கொம்பாலோ ஆன பிடியும் கொண்ட அக்கத்தியை மடக்கி, கத்தரிக்கோல், சாணைக்கல், தோல்வார், நகம் எடுக்கும் சிற்றுளி, காது குடையும் குறும்பி வாங்கி, தண்ணீர்க் கிண்ணி ஆகியவற்றோடு அடைப்பம் என்னும் தோற்பையில் வைத்திருப்பர். கத்தியின் கூரிய ஓரத்தை வாய் என்றும், அதற்கு எதிரே தடித்திருக்கும் பக்கத்தை முதுகு என்றும் சொல்வர். அலகு பிடியோடு சேரும் குறுகிய இடம் கழுத்து, அதற்கும் பின்னால் சிறிது நீண்டு வளைந்திருக்கும் பகுதி வால். இரும்பின் தரமே இங்கு எல்லாம். தென்னிந்தியாவில் மூசையில், அதாவது களிமண் குகையில் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு மூடி உருக்கிய எஃகு, கொடுமணல் அகழாய்விலும் தென்னார்க்காட்டு மேல்சிறுவலூர்ச் சான்றுகளிலும் அறியப்படுவது. சேலம் வட்டாரத்தில் அத்தொழில் 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. ஊட்ஸ் என்ற பெயரில் ஐரோப்பா சென்ற அந்த எஃகைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் அரச கழகத்தில் கட்டுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் இலண்டன் கத்திக் கொல்லர் அதில் கருவிகள் செய்து பாராட்டினார். அவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே, அவ்வாய்வில் பிறந்த எஃகில் சவரக்கத்திகள் செய்வித்து நண்பர்களுக்குப் பரிசளித்ததும் உண்டு. தமிழகத்து மூசை எஃகின் இரகசியத்தைத் தேடிய அதே இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கத்திகள், அந்நூற்றாண்டின் முடிவுக்குள் இங்குள்ள நகரங்களின் அடைப்பங்களுக்குள் வந்து சேர்ந்தன. இரு பக்கமும் உட்குழிவாகத் தேய்க்கப்பட்ட அக்கத்திகள் நாட்டுக்கத்தியைவிட மெலிந்தவை, விரைவில் கூராகுபவை, கை தவறினால் மன்னிக்காதவை.

கத்தி எதுவாயினும் பிடிக்கும் முறையின் அடிப்படை ஒன்றுதான். அலகை விரித்து, பிடி நேர்கோட்டில் நில்லாமல் மேல்நோக்கி மடங்கி நிற்கும்படி வைத்து, கழுத்தின் அடிப்புறத்தில் கட்டைவிரலை ஊன்றி, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் கழுத்தின் மேற்புறத்தில் படியவிட்டு, வாலின் மேல் சுண்டுவிரலைச் சார்த்த வேண்டும். வெளிப்பார்வைக்குக் கத்தியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருப்பதாகத் தோன்றினாலும், அதை அடக்கியாள்வது சுண்டுவிரலே. வாலை அது சிறிது அழுத்தினால் வாய் தோலைவிட்டு எழும், தளர்த்தினால் படியும். வாய் தோலோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் நிற்க வேண்டும் என்பது பொதுவிதி. அதைவிடப் படுக்கவைத்தால் கத்தி மயிரை அறுக்காமல் பற்றி இழுக்கும். நிமிர்த்தினால் தோலைச் சுரண்டிக் குருதி காணும். எச்சாய்விலும், வாயின் நீளவாட்டில் கத்தியை நழுவவிடுதல் கூடாது, ஏனெனில் சவரக்கத்தி வெட்டுக்கத்தியாக மாறும் கணம் அதுவே. பழகாதவர் அஞ்சுவது அழுத்தத்தை. பழகியவர் அஞ்சுவது இந்தப் பக்கவாட்டு நழுவலை.

வலக்கையைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும் பாதிக்கலை மிஞ்சியிருக்கிறது, அது இடக்கையில் இருக்கிறது. கத்தி செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் தோலை இழுத்து இறுக்கிப் பிடிப்பதும், காதோரம் தொடங்கும்போது மேல்நோக்கியும், மேலுதட்டுக்கு மூக்கின் நுனியைச் சற்றே உயர்த்தியும், குரல்வளை மேட்டில் தோலைக் குருத்தெலும்பின் மேலிருந்து பக்கவாட்டில் நகர்த்தியும் பரப்பைச் சமமாக்கித் தருவதும் அக்கையின் வேலை. மயிர் எல்லாரிடத்தும் ஒரே திசையில் வளர்வதில்லை. கன்னத்தில் கீழ்நோக்கி வளர்ந்தது கழுத்தில் சுழியாகத் திரும்பும். ஆகையால் தேர்ந்தவர் தண்ணீர் தடவும் சாக்கில் விரல் நுனியால் மயிரின் போக்கை முதலில் படித்துக்கொள்வர். சோப்பு வழக்கத்துக்கு வருமுன் வெறுந்தண்ணீரை வைத்தே நெடுநேரம் தேய்த்து ஊறவைத்ததைச் சிக்கனம் என்று மட்டும் கருதுவது தவறு, அந்தத் தேய்ப்பின் போதே கையானது முகத்தை அறிந்துகொண்டது.

இப்பிடியைக் கற்கும் சிறுவன் நேரே கத்தியை எடுப்பதில்லை. கிண்ணியில் தண்ணீர் வார்ப்பது, மயிரைக் கூட்டி அள்ளுவது, கல்லில் தண்ணீர் தெளிப்பது எனத் தொடங்கி, தோல்வாரில் தீட்டப் பழகிய பிறகே அவன் கையில் கத்தி தங்கும். கல்லில் தீட்டும்போது வாய் முன்செல்ல வேண்டும், வாரில் தீட்டும்போது முதுகு முன்செல்ல வேண்டும். வாரில் வாய் முன்சென்றால் தோலும் கிழியும், கத்தியும் மழுங்கும். ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் கத்தியைத் தூக்காமல், முதுகின் மேலேயே உருட்டித் திருப்ப வேண்டும். இந்த உருட்டலைச் செய்வது மணிக்கட்டு அன்று, கழுத்தைப் பிடித்திருக்கும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமே. ஆகவே தீட்டக் கற்பது கத்தியைக் கூராக்கும் வேலையாக மட்டும் இல்லாமல், பிடிக்கக் கற்பதன் முதற்பாடமாகவும் அமைந்தது. ஒருவன் வாரில் ஓசை சீராக வரும்படி தீட்டுகிறானா என்பதைக் கண்ணால் பாராமல் காதால் கேட்டே மூத்தவர் சொல்லிவிட முடியும். வார் இல்லாத இடத்தில் உள்ளங்கையிலேயே தீட்டிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. கூர் வந்ததா என்பதை நனைந்த பெருவிரல் தசையில் வைத்துப் பார்ப்பர். பிறகு முதற் சவரம் பெரும்பாலும் வீட்டுச் சிறுவர்களின் தலையில் நடக்கும், ஏனெனில் மண்டையோட்டின் மேல் தோல் இயல்பாகவே இறுகியிருப்பதால் இடக்கை பழகாதவனுக்கும் தலை எளிது. தலைக்குப் பின் கழுத்தோரம், அதற்குப் பின் கன்னம், குரல்வளை கடைசி.

இந்தக் கை சவரத்தோடு நிற்கவில்லை. கட்டி கீறுதல், முள்ளும் சிராயும் எடுத்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் போன்ற சிறு அறுவைகளை ஊர் நாவிதரே செய்தார்; அவர் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சியாகப் பேறுகாலம் பார்த்தனர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுதிகளும் தமிழ் நாவிதரின் இந்த மருத்துவப் பணியையும், பெண்களின் பேறுகாலப் பணியையும் பதிவு செய்கின்றன. ஐரோப்பாவிலும் இதற்கு இணை உண்டு: இலண்டனில் நாவிதரும் அறுவை மருத்துவரும் 1540இல் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டு, 1745இல் சட்டத்தால் பிரிக்கப்பட்டனர். அங்கே பிரிவின் போது அறுவையாளர் தனிச் சங்கமாக உயர்ந்து எழுந்தனர். இங்கே நடந்தது வேறு. 1835இல் சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டபோது அதற்குள் நுழைவதற்கு வேண்டிய ஆங்கிலக் கல்வி ஊர் நாவிதரின் மகனுக்கு எட்டாத தொலைவில் இருந்தது. 1914ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவுச் சட்டமும் 1926ஆம் ஆண்டின் செவிலியர், மருத்துவச்சியர் சட்டமும் பட்டம் பெற்றவரைப் பதிவேட்டில் ஏற்றி, பட்டமில்லாத கைப்பழக்கத்தை அதற்கு வெளியே விட்டன. அந்தச் சட்டங்களால் எத்தனையோ தாய்மாரும் குழந்தைகளும் பிழைத்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய கையைப் புதிய பள்ளிக்குள் அழைத்துப் பயிற்றும் வழி இருந்தும் அது பெரிதாக முயலப்படவில்லை என்பதும், மருத்துவர் என்னும் பெயர் மட்டும் சாதிப் பட்டியலில் எஞ்ச, மருத்துவம் வேறு சாதியாரின் வேலையாகப் போயிற்று என்பதும் வரலாறு.

தொழிலுக்கான கூலி காசாக வராமல் தானியமாக வந்தது. கம்பும் வரகும் சோளமும் விளைந்த இப்புன்செய் ஊர்களில், அறுவடைக் களத்தில் குடியானவர் அளந்துபோடும் மேரை என்னும் பங்கே ஆண்டுக்கூலி. கல்யாணம், காதுகுத்து, கருமாதி ஆகியவற்றில் வேட்டி, அரிசி, சிறுகாசு எனத் தனி வரும்படி. சில ஊர்களில் பணிக்கு ஈடாக அம்பட்டமானியம் என்று நிலமும் விடப்பட்டிருந்தது; அத்தகைய மானியங்கள் 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் விசாரணைக்கு உள்ளாகி, பணி மானியம் என்ற நிலையை மெல்ல இழந்தன. ஜமீன்தாரி முறையை ஒழித்த 1948ஆம் ஆண்டின் சட்டம் அரியலூர், உடையார்பாளையம் ஜமீன்களையும் முடித்துவைத்தபோது, அரண்மனையை அண்டிய பணிகளுக்கிருந்த பழைய ஆதாரமும் தீர்ந்தது. தானியக்கூலி நாவிதருக்கு உறுதியான உணவைத் தந்தது என்று சிலர் அதைப் பொற்காலமாக எழுதுவதுண்டு. மழை பொய்த்த ஆண்டில் களத்தில் விழுவதற்கு மேரையும் இராது என்பதையும், கூலி போதவில்லை என்று வேறூர் போகும் உரிமை குடிமகன் எனப்பட்டவருக்கு இல்லை என்பதையும் அவ்வெழுத்துகள் மறந்துவிடுகின்றன.

அக்கட்டமைப்பின் மற்றொரு முகம் இன்னும் கடுமையானது. மேல்சாதியாருக்குச் சவரம் செய்யும் நாவிதர் தாழ்த்தப்பட்டோருக்குச் செய்தால் மற்றவர்கள் அவர் கத்தியை ஏற்கமாட்டார்கள் என்ற கட்டாயத்தால், சேரிக்குத் தனி நாவிதர், அல்லது நாவிதரே இல்லாமை என்பது ஊர் வழக்காக இருந்தது. தம்மை ஒடுக்கியவர்களின் விதியைத் தமக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்கள் மீது நாவிதரும் செலுத்தினர். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது. கடை என்பதற்கு அது தரும் விளக்கத்துக்குள் முடிதிருத்தும் நிலையத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பது, இவ்வழக்கம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குச் சான்று.

மனிதன் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வது என்பது உலகில் பல இடங்களிலும் பிந்திப் பரவிய வழக்கம். பாரிசுக் கத்திக் கொல்லரான ழான்-ழாக் பெரே, தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளக் கற்பிக்கும் நூலை 1769இல் வெளியிட்டபோது, கத்தி பிடிக்கும் முறை முதன்முறையாக நாவிதர் அல்லாதவருக்குப் பாடமாயிற்று; கத்தி ஆழமாக இறங்காதபடி மரக்காப்பு ஒன்றையும் அவர் வடிவமைத்தார். கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் தம் பிளேடு சவரக்கருவியை விற்கத் தொடங்கிய ஆண்டில் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரருக்கு வழங்கப்பட்ட கருவிகள் ஏறத்தாழ 35 இலட்சம். பெரம்பலூர், அரியலூர் ஊர்களில் இம்மாற்றம் மெதுவாகவே வந்தது, ஏனெனில் நாவிதர் வாரம் ஒருமுறை திண்ணைக்கே வரும்போது தன் கன்னத்தில் தானே கத்தி வைக்கும் கலையைக் கற்க எவருக்கும் தேவையில்லை. தன் சவரத்தைத் தானே செய்துகொள்வது இங்கே பலகாலம் பள்ளி ஆசிரியர், எழுத்தர், இரயில்வே ஊழியர் முதலிய சம்பளக்காரரின் வழக்கமாக இருந்து, விடுதலைக்குப்பின் பாரத், டோபாஸ் போன்ற உள்நாட்டு பிளேடுகள் பெட்டிக்கடைக்கு வந்த பிறகே ஊருக்குள் பரவியது.

சலூன் என்னும் கடை இவ்வட்டாரத்துக்குள் வந்த பாதை, அரியலூரில் இருப்புப்பாதை, பெரம்பலூரில் நெடுஞ்சாலை. விழுப்புரத்தையும் திருச்சியையும் நேராக இணைக்கும் இருப்புப்பாதை 1920களின் இறுதியில் அரியலூர் வழியே அமைந்தது. பெரம்பலூர் நகரத்துக்கு இன்றுவரை இரயில் இல்லை, சென்னை-திருச்சி சாலையே அதன் உயிர். நிலையத்தெருவிலும் பேருந்து நிற்குமிடத்திலும் நாற்காலியும் எதிரெதிர் நிலைக்கண்ணாடியும் வைத்த கடைகள் தோன்றியபோது, கூலி காசாயிற்று, வாடிக்கையாளர் முன்பின் அறியாதவராயினர், செவ்வாய்க்கிழமை விடுமுறையாயிற்று. மாற்றத்தில் பெரிது, ஆனால் அதிகம் பேசப்படாதது, உடம்பின் நிலை. மரத்தடியிலோ திண்ணையிலோ இருவரும் எதிரெதிரே குந்தியிருக்க நடந்த பழைய சவரத்தில், நாவிதரின் முழங்கை அவருடைய முழங்காலிலேயே ஊன்றியிருக்கும், அசையவேண்டியது மணிக்கட்டு மட்டும். நாற்காலியில் சாய்ந்தவர் முன் நாவிதர் நின்றபோது முழங்கைக்கு ஊன்றுகோல் போய்விட்டது. தோளிலிருந்து கையைத் தாங்க வேண்டியதாயிற்று, கத்தியின் எடையைச் சுண்டுவிரலே ஏற்க வேண்டியதாயிற்று. திண்ணையில் தேர்ந்த மூத்தவர் சலூனில் தடுமாறுவதும், சலூனில் பழகிய இளைஞன் குந்தியிருந்து செய்ய அறியாததும் இதனால்தான். நிற்பதில் வேறொரு பொருளும் இருந்தது: காலடியில் குந்தியவர் நிமிர்ந்து நின்றார், தலை சாய்த்துக் காத்திருந்தவர் வாடிக்கையாளர்.

திராவிட இயக்கம் தமிழகம் முழுவதும் சலூன்களையும் தேநீர்க்கடைகளையும் வாசகசாலையாக்கியது இக்கடைகளிலும் நடந்தது. கட்சி நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்க, கத்தி பிடித்தவரும் காது கொடுத்தார். 1953இல் சென்னை மாநில முதல்வர் இராசகோபாலாச்சாரி, ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளி மாணவர் பாதிநேரம் பள்ளியிலும் மீதிநேரம் தம் வீட்டுத் தொழிலிலும் பயில வேண்டும் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தார். 1954இல் காமராசர் முதல்வரானபின் அது கைவிடப்பட்டது. கைத்தொழில் நுட்பத்தைச் சிறுவயதிலேயே கற்றால்தான் விரல் படியும் என்ற வாதம் தொழில்நுட்ப அளவில் பொய்யன்று. சுண்டுவிரலின் அந்தச் சிறு அழுத்தம் பத்து வயதில் படிவதுபோல் முப்பதில் படியாது. ஆனால் எந்தச் சிறுவனின் விரல் எந்தக் கத்திக்குப் படிய வேண்டும் என்பதைப் பிறப்பே தீர்மானித்த ஊரில், அத்திட்டம் நாவிதர் மகனுக்கு என்ன சொன்னது என்பதில் ஐயமில்லை. எதிர்த்தவர்கள் கலையை இழிவுபடுத்தினர் என்று இன்று சொல்வோர், கலையின் பெயரால் அடைக்கப்பட்ட கதவைக் காணாதவர்கள்.

பழைய கத்திப்பிடி முழுமையாக வாழ்ந்த இடம் கோயில்கள். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளிக் கிழமைகளில் திறக்கப்படுவது வழக்கம்; செட்டிகுளத்து மலைமேல் தண்டாயுதபாணி; அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் உருவச்சிலைக்குப் பதில் கல்தூணை வழிபடும் கலியுக வரதராசப் பெருமாள் கோயில், அதன் இராமநவமித் திருவிழா. இத்தகைய தலங்களில் முடி இறக்குவோருக்கு இடையறாத வேலை உண்டு. அவர்களின் கைத்திறனுக்குக் கடுமையான சோதனை கிழவர் தலையில் இல்லை, தாய்மாமன் மடியில் அழுது திமிறும் ஒரு வயதுக் குழந்தையின் தலையில் இருக்கிறது. உச்சிக்குழி முழுதும் மூடாத அத்தலையில், துடிப்பு தெரியும் இடத்தின் மேல் கத்தியை எடையே இல்லாமல் ஓட்ட வேண்டும். குழந்தை தலையைத் திருப்பும் கணத்தில் கையைத் தடுத்து நிறுத்த நேரமிராது, தலையோடு சேர்ந்து கையும் திரும்ப வேண்டும். இடக்கையின் உள்ளங்கை குழந்தையின் நெற்றியைத் தழுவியிருப்பதால், தலை திரும்பும் செய்தி வலக்கைக்கு முன்னமே எட்டிவிடுகிறது. 2021 செப்டம்பரில் தமிழக அரசு இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் முடிகாணிக்கைக் கட்டணத்தை நீக்கி, முடி இறக்கும் பணியாளருக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. தலைக்கு இவ்வளவு என்று கைநீட்டிப் பெற்ற வரும்படிக்கு மாற்றாக, இராசராசன் காலத்துக் கல்வெட்டைப்போல ஒரு நிலையான கணக்கு மீண்டும் எழுதப்பட்டது எனலாம், தொகை போதுமா என்பது வேறு கேள்வி.

கத்தியையே மாற்றியது ஒரு நோய். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த பின், 1990களின் விழிப்புணர்வுப் பிரசாரத்தில் சவரக்கத்தியும் ஓர் அச்சப்பொருளாயிற்று. ஒருவர் முகத்தில் பட்ட வாய் இன்னொருவர் முகத்தில் படக்கூடாது என்பது வாடிக்கையாளரின் கோரிக்கையானது. சில ஆண்டுகளுக்குள் மடக்குக்கத்தியின் இடத்தை, அதே வடிவில் அமைந்து, இருபுறக் கூருள்ள பிளேடை இரண்டாக ஒடித்து அதில் பாதியைச் செருகிக்கொள்ளும் கருவி பிடித்தது. பாதி பிளேடு ஒரு முகம், மறுபாதி அடுத்த முகம், பின்பு குப்பை. சாணைக்கல்லும் தோல்வாரும் கடையைவிட்டு வெளியேறின. கூர் என்பது கையால் உண்டாக்குவதாக இருந்தது போய், கடையில் வாங்குவதாயிற்று. படிகாரக் கல் மட்டும் கண்ணாடிக்கு அடியில் தன் இடத்தை விடவில்லை. கருவியின் கழுத்தும் வாலும் பழைய அமைப்பிலேயே இருந்ததால் விரல்கள் வைக்கும் இடம் மாறவில்லை. ஆனால் பிளேடின் வாய் பழைய கத்தியைவிடக் குறுகியது, எடையற்றது, முனைகள் கூரானவை. முனை தோலில் குத்தாமல் இருக்கச் சாய்வை இன்னும் சிறிது படுக்கவைக்கப் பழகினர். தீட்டுதல் இல்லாமற்போனதால், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பழக்கிய முதற்பாடமும் இல்லாமற்போயிற்று. இன்று பயில்பவன் உருட்டலை அறியாமலே சவரத்துக்கு வந்துவிடுகிறான், அதனால் கன்னத்திலிருந்து தாடைக்குக் கத்தியைத் திருப்பும் இடத்தில் மணிக்கட்டை முறுக்குகிறான். தீட்டிப் பழகிய மூத்தவர் அருகில் நின்று பார்த்தால் அந்த முறுக்கு கண்ணில் படாமல் இராது.

கற்பவர் யார் என்பதும் மாறிவிட்டது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் நாவிதத் தொழிலும் ஒன்று. குடும்ப வழித்தொழில் என்பதை முன்னிறுத்தும் அதன் நிபந்தனை 1953ஐ நினைவூட்டுவதாகத் தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது, தமிழக அரசு அதில் சேராமல், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமின்றி 25 தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் தரும் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. கற்பவர் மாறியதன் பயன் இவ்வட்டாரத்து மருத்துவர் குடும்பங்களுக்கு இருவகைப்படும்: அவர்களுடைய பிள்ளைகள் கத்தியைத் தொடாமல் வேறு தொழிலுக்குப் போவதற்குத் தடையில்லை, அவர்கள் விட்ட நாற்காலிக்குப் பின்னால் பிற சாதியாரும், தமிழ் அறியாத வடமாநிலத்து இளைஞரும் வந்து நிற்கின்றனர். பெரம்பலூரிலும் அரியலூரிலும் புதிதாகத் திறக்கப்படும் குளிரூட்டிய கடைகள் சவரத்தைவிட முடிவெட்டு, சாயம், முகப்பூச்சு ஆகியவற்றிலேயே வருமானம் காண்பதால், கழுத்தில் கத்தி வைக்கும் வேலை அங்கே கடைசியாகக் கற்பிக்கப்படுவதாகவும், மின்மழிப்பான் செய்து முடித்ததன் ஓரத்தைச் சீராக்குவதாகவும் குறைந்திருக்கிறது.